நாலாவது டர்னில் முடிந்துபோகும் ஞாயிற்றுக்கிழமை

வாசகர் கடிதம்:

அண்ணா, வணக்கம். எனக்கு வயது 27, சிங்கப்பூரில் இருக்கிறேன். ஆறு வருஷமாக மேஜிக்: தி கேதரிங் கார்டு விளையாட்டு ஆடுகிறேன். வெள்ளி இரவு கடையில் இருவர் மோதும் பயனியர் வகைப் போட்டி, ஞாயிறு மதியம் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் நாலு பேர் சேர்ந்து ஆடும் கமாண்டர் வகை. இரண்டு இடத்திலும் எனக்குத் தலைவலி ஒரே ஆள், என் நெருங்கிய நண்பன். கடையில் என் டெக் (அவரவர் கட்டிவரும் கார்டுக் கட்டு) வேகமாகத் தாக்கும் சிவப்பு அக்ரோ, அவனுடையது தடுத்தே ஜெயிக்கும் நீல-வெள்ளை கன்ட்ரோல். நான் போடுகிற எதையும் நிற்க விடமாட்டான். அவனோடு ஆடிய 12 மேட்சில் நான் ஜெயித்தது 4. வீட்டில் இன்னும் மோசம். நாங்கள் மூவரும் டிராகன், ஸாம்பி என்று ஆசையாகக் கட்டிய டெக்கோடு உட்கார்ந்தால், அவன் நாலாவது ஐந்தாவது டர்னில் தாசாஸ் ஆரக்கிள் காம்போவை (சேர்த்துப் போட்டால் உடனே ஜெயிக்க வைக்கும் கார்டு ஜோடி) போட்டு முடித்துவிடுகிறான். கடைசி 20 ஆட்டத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்: அவன் 9, நான் 5, மற்ற இருவரும் சேர்ந்து 6. வீட்டில் சில கார்டுகளைத் தடை செய்யலாம் என்றேன். "ஆடத் தெரியாதவன்தான் கார்டைக் குறை சொல்வான்" என்றான். யார் சொல்வது சரி? இந்த விளையாட்டிலேயே சமநிலை இல்லையா? ஞாயிறு வந்தாலே அலுப்பாக இருக்கிறது. விட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

பதில்:

தம்பி, முதலில் ஒரு நன்றி. நான் பல வருஷம் போட்டி நடுவராக இருந்தவன், இப்போது கார்டு விளையாட்டுகளை வெளியிடுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். எனக்கு வருகிற புகார்களில் நூற்றுக்குத் தொண்ணூறு "எப்பப் பார்த்தாலும் தோக்கிறேன்" என்ற ரகம். நீங்கள் எண்ணிக் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள். அந்த எண்களிலேயே பாதி பதில் இருக்கிறது, அது நீங்கள் எதிர்பார்க்கிற பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை எடுங்கள். நாலு பேர் ஆடும் ஆட்டத்தில் எல்லாரும் சமம் என்றால் ஒருவருக்குக் கிடைக்க வேண்டியது நாலில் ஒன்று, அதாவது 20 ஆட்டத்துக்கு 5. உங்களுக்குக் கிடைத்ததும் 5. உங்கள் பங்கு ஒரு துளிகூடக் குறையவில்லை! இருவர் ஆடும் ஆட்டத்தில் பழகிய மனசுக்கு நாலில் ஒன்று என்பது தோல்விமேல் தோல்வி மாதிரித் தெரியும். கமாண்டர் ஆட வருகிற எல்லாருமே முதல் ஒரு வருஷம் இதில் தடுமாறுகிறார்கள். உங்கள் நண்பருக்குக் கிடைத்த 9 கொஞ்சம் அதிகம்தான், சமமான ஆட்டத்தில் வெறும் அதிர்ஷ்டத்தால் ஒருவருக்கு 9 அல்லது அதற்கு மேல் கிடைக்க நூற்றுக்கு நாலு வாய்ப்பு உண்டு, அதனால் அவருடைய டெக் மற்ற டெக்குகளைவிடப் பலமானது என்று நீங்கள் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் கூடுதலாக எடுத்த நாலு வெற்றி யார் பங்கிலிருந்து போயிருக்கிறது? அந்த இரண்டு பேரிடமிருந்து. பத்து வர வேண்டிய இடத்தில் அவர்களுக்கு ஆறுதான் வந்திருக்கிறது. கடிதம் எழுதியது நீங்கள், நஷ்டம் அவர்களுக்கு. அவர்களிடம் தனியாகக் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. இதற்குத் திரும்ப வருகிறேன்.

வெள்ளிக்கிழமைக் கணக்கு இன்னும் மெல்லியது. 12 மேட்சில் 4 என்பது, இரண்டு பக்கமும் அச்சு அசலாகச் சமமாக இருந்தாலே ஐந்தில் ஒரு தடவை நடக்கக்கூடியதுதான். நாணயத்தை 12 தடவை சுண்டிப் பாருங்கள், நாலு அல்லது அதற்குக் குறைவாகத் தலை விழுவது ஒன்றும் அதிசயம் இல்லை. அப்புறம் இந்த விளையாட்டுக்குள்ளேயே அதிர்ஷ்டம் ஊறிக் கிடக்கிறது. மற்ற கார்டுகளைப் போடத் தேவையான மானா என்ற சக்தியைத் தருவது லேண்ட் கார்டு, அது குறைந்தாலும் திணறல், மிகுந்தாலும் திணறல். 60 கார்டில் 24 லேண்ட் வைத்தால், கையில் வரும் முதல் ஏழில் ஒரு லேண்டோ அதுவும் இல்லாமலோ, அல்லது ஆறேழு லேண்டுமாகவோ வர நூற்றுக்குப் பதினைந்து பதினாறு தடவை வாய்ப்பு. இருவரில் ஒருவருக்காவது அப்படி வருவது நூறு ஆட்டத்தில் இருபத்தெட்டுக்கும் மேல். 2019-இல் வந்த லண்டன் மல்லிகன் விதி, மறுபடி ஏழு எடுத்து வேண்டாததை டெக்கின் அடியில் வைக்கலாம் என்பது, இந்த வலியைக் கொஞ்சம் குறைத்தது, போக்கவில்லை. ஆக 12 மேட்சை வைத்துக்கொண்டு கன்ட்ரோல் டெக் சமநிலையைக் கெடுக்கிறது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள்.

சரி, எண்ணிக்கைப்படி பெரிய அநியாயம் எதுவும் நடக்கவில்லை என்றால், ஞாயிறு ஏன் அலுக்கிறது? "ஜெயிக்க முடியவில்லை" என்பதும் "ஆட முடியவில்லை" என்பதும் வேறு வேறு வருத்தம். உங்களுடையது இரண்டாவது, ஆனால் அதை முதலாவதின் வார்த்தையில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் உங்கள் நண்பருக்கு அது சாக்குப்போக்காகக் கேட்கிறது.

நான் நடுவராக நின்ற ஒரு போட்டியில் பார்த்ததைச் சொல்கிறேன். 2012, 13 வாக்கில் மாடர்ன் என்ற போட்டி வகையில் "எக்ஸ்" என்று ஒரு டெக் இருந்தது. முட்டைதான். மலிவான சின்னச் சின்ன ஆர்ட்டிஃபாக்ட்டுகளை (கருவி, பொருள் வகைக் கார்டுகளை) உடைத்து உடைத்துக் கார்டு இழுக்கும், பிறகு செகண்ட் சன்ரைஸ் என்ற கார்டைப் போட்டு உடைத்ததை எல்லாம் கல்லறைக் குவியலிலிருந்து மேஜைக்குத் திரும்பக் கொண்டுவரும், மறுபடி உடைக்கும், மறுபடி இழுக்கும், மறுபடி செகண்ட் சன்ரைஸ். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் ஒரு சின்ன வெடிகுண்டுக் கார்டால் எதிராளியைக் கொல்லும். ஐம்பது நிமிஷ நேரம் முடிந்து, கூடுதல் டர்ன் அறிவித்தாகிவிட்டது, மண்டபம் முழுக்க நாற்காலிகள் காலி, அந்த ஒரு மேஜைதான் ஓடுகிறது. எக்ஸ் ஆடுகிறவர் தவறேதும் செய்யவில்லை. வேகமாக, தெளிவாக, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி ஆடுகிறார். எதிரே இருக்கிற பையன் தன்னுடைய பகடைகளை நிறவாரியாக அடுக்கினான். பிறகு உயரமாக அடுக்கினான். பிறகு ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டான். அந்த டர்ன் இன்னும் முடியவில்லை. கடைசியில் கையை நீட்டிக் குலுக்கிவிட்டு எழுந்தபோது அவன் முகத்தில் தோற்ற வருத்தம்கூட இல்லை, பேருந்துக்குக் காத்திருந்து வராமல் நடந்து போகிறவனின் முகம். எனக்கு இன்றைக்கும் கண்முன் நிற்கிறது.

2013 மே மாதம் செகண்ட் சன்ரைஸைத் தடை செய்தார்கள். டெக் பலமானதுதான், 2012-இல் புரோ டூர் என்ற உயர்மட்டப் போட்டி ஒன்றையே வென்றது. ஆனால் தடைக்கு, விளையாட்டை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் சொன்ன காரணம் பலம் இல்லை, நேரம். ஒருவர் ஆட, மற்றவர் பார்த்துக்கொண்டிருக்க, போட்டி முழுவதும் அந்த மேஜைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2017-இல் லெகசி என்ற போட்டி வகையில் சென்சீஸ் டிவைனிங் டாப் என்ற கார்டைத் தடை செய்தபோதும் நேரம் ஒரு முக்கியக் காரணம். எல்லா டர்னிலும் மூன்று கார்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் கடிகாரம் என்ன ஆகும்?

இதைச் சொல்வதற்குக் காரணம், "ரசிக்க முடியவில்லை என்பதெல்லாம் ஒரு புகாரா" என்று உங்கள் நண்பர் கேட்டால் நீங்கள் வாயடைத்து நிற்க வேண்டாம். இந்த விளையாட்டை நடத்துகிறவர்களே அதைப் புகாராக ஏற்றிருக்கிறார்கள், ஒரு தடவை இல்லை, பல தடவை. 2004-இல் அஃபினிட்டி என்ற ஆர்ட்டிஃபாக்ட் டெக் ஆட்டத்தை ஆக்கிரமித்தது. முதலில் ஸ்கல்கிளாம்ப் என்ற கார்டு தடையில் போனது. ஒரு மானா விலை, ஒரு மானா கொடுத்தால் உயிரியின் தலையில் மாட்டலாம், உயிரி செத்தால் இரண்டு கார்டு. வெளியிடுவதற்குச் சற்று முன்னால் தற்காப்பு எண்ணில் மைனஸ் ஒன்று வைத்தார்கள், அந்த மைனஸ்தான் வினையாகிப் போனது. ஒரு தற்காப்பு உள்ள குட்டி உயிரிக்கு மாட்டினால் உடனே சாகும், அதாவது ஒரு மானாவுக்கு இரண்டு கார்டு! அந்தக் கார்டு ஸ்டாண்டர்டில் (சமீபத்திய தொகுப்புகள் மட்டும் செல்லும் போட்டி வகையில்) சில மாதம்தான் தாங்கியது. அதற்குப் பிறகும் அஃபினிட்டி அடங்கவில்லை, 2005 மார்ச்சில் ஆர்க்பவுண்ட் ராவேஜர், டிசைப்பிள் ஆஃப் தி வால்ட், ஆர்ட்டிஃபாக்ட் லேண்ட் ஆறு என்று ஒரே மூச்சில் எட்டுக் கார்டைத் தூக்கினார்கள். இத்தனைக்கும் அஃபினிட்டி வெல்லவே முடியாத டெக் இல்லை. ஆர்ட்டிஃபாக்ட்டை உடைக்கும் கார்டுகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போனவர்கள் வென்றார்கள். ஆனால் வாராவாரம் அதற்காகவே டெக் கட்டி, அதோடு மட்டுமே மோதி, ஆட்களுக்குச் சலித்துவிட்டது. ஆடுகிறவர்கள் எழுந்து போனால் விளையாட்டு எங்கே இருக்கிறது?

இதற்கு நேர்மாறான உதாரணம் ஓக்கோ என்ற கார்டு. 2019 அக்டோபர் 4-இல் வெளிவந்தது, நவம்பர் 18-இல் ஸ்டாண்டர்டில் தடை அறிவிப்பு. மூன்று மானாவில் வந்து உட்கார்ந்துகொண்டு, நீங்கள் எதைப் போட்டாலும் தாக்கு, தற்காப்பு இரண்டும் மூன்றே உள்ள மான் என்ற விலங்காக மாற்றிவிடும், திறமை எதுவும் இல்லாத வெறும் மான். எட்டு மானா கொடுத்துக் கொண்டுவந்த டிராகனும் மான்தான், ரெண்டு மானா எலியும் மான்தான். அது ஜெயித்ததும் அதிகம், வெறுப்பை வாங்கியதும் அதிகம். எதிராளியின் பொருள்மேலும் அந்தத் திறமை எந்த அளவு பாயும் என்பதைச் சரியாக எடைபோடவில்லை என்று வடிவமைத்தவர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள். நான் அந்த வேலையில் இருப்பதால் சொல்கிறேன், எண்களைச் சரிசெய்வது எளிது. ஒரு மானாவைக் கூட்டினால் ஓக்கோவின் வெற்றி விகிதம் இறங்கியிருக்கும். "என் கார்டுக்கு இங்கே அர்த்தமே இல்லை" என்ற உணர்வு அதனால் போயிருக்காது. நீங்கள் டிராகனோடு உட்காரும்போது உங்களுக்கு வருகிறது அந்த உணர்வுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருவோம். இங்கே நான் முழுக்க உங்கள் நண்பர் பக்கம். கடையில் நுழைவுக் கட்டணம் கட்டி, பரிசு வைத்து நடக்கிற போட்டியில், விதிக்குட்பட்ட எந்த டெக்கையும் யாரும் கொண்டுவரலாம், அதற்காக ஒருவரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. எதிராளி போடுவதைத் தடுத்து ஜெயிக்கிற முறை 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த முதல் தொகுப்பிலேயே உண்டு. ஆனால் அந்த டெக்கோடு ஆடுவது சுகமாக இல்லை என்றால் அதற்கு நீங்களே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதல் வேலை, தோற்ற ஆட்டத்தைச் சீக்கிரம் விட்டுக்கொடுக்கப் பழகுங்கள். இதைச் சொன்னால் பல பேருக்குக் கோபம் வரும், கோழைத்தனம் என்பார்கள். கன்ட்ரோல் டெக்கின் டெஃபேரி என்ற கார்டு மேஜையில் நிலையாக உட்கார்ந்து, உங்கள் கையும் காலி, மேஜையும் காலி, எதிராளி கையில் ஐந்தாறு கார்டு என்றால் அந்த ஆட்டம் முடிந்துவிட்டது. சில கன்ட்ரோல் டெக்குகளில் வெல்வதற்கென்று உயிரியே இருக்காது, டெஃபேரி தன்னையே டெக்குக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டு, உங்கள் டெக் தீரும்வரை காத்திருந்து ஜெயிக்கும். அந்த அரை மணி நேரத்தை ஏன் கொடுக்கிறீர்கள்? மூன்று ஆட்ட மேட்சுக்கு ஐம்பது நிமிஷம்தான். முதல் ஆட்டத்தைப் பதினைந்தாவது நிமிஷத்தில் விட்டுக்கொடுத்தால், சைட்போர்டிலிருந்து (ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ள ஒதுக்கி வைத்த கார்டுகள்) மாற்றிக்கொண்டு மிச்ச இரண்டையும் நிதானமாக ஆடலாம். உங்கள் மனசும் கசக்காது.

அடுத்தது, உங்கள் கை வேகம். அக்ரோ ஆடுகிறவர்கள் கையில் இருப்பதை எல்லாம் கொட்டிவிடுவார்கள், எதிராளி நாலாவது லேண்டை வைத்து சுப்ரீம் வெர்டிக்ட் போட்டு மேஜையை வழித்துவிடுவார், அப்புறம் "ஒன்றையும் நிற்க விடமாட்டேன் என்கிறான்" என்று வருத்தப்படுவார்கள். மேஜையில் இருப்பது நாலு டர்னில் கொல்லுமா, கொல்லுமென்றால் மிச்சத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவர் வழித்த அடுத்த டர்னில் இரண்டு உயிரி இறக்கினால் அவருக்கு மூச்சு முட்டும். மியூட்டாவால்ட் மாதிரி உயிரியாக மாறும் லேண்டை யாராலும் கவுன்டர் செய்ய, அதாவது போடும்போதே ரத்து செய்ய, முடியாது, அவர் தன் டர்னில் வழிக்கும்போது அது வெறும் லேண்டாகப் படுத்திருக்கும். உங்கள் உயிரிகள் பெரும்பாலும் ஒரே இனம் என்றால் கேவர்ன் ஆஃப் சோல்ஸ் என்ற லேண்டும் உண்டு, அதன் மானாவில் வரும் அந்த இன உயிரியைத் தடுக்கவே முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சாயங்காலம் அவருடைய டெக்கை நீங்கள் வாங்கி, உங்கள் டெக்கை அவரிடம் கொடுத்து பத்து ஆட்டம் ஆடுங்கள். கன்ட்ரோல் ஆடுகிறவர் கையில் தப்பான கார்டு வரும்போது எப்படிப் பதறுவார், முதல் மூன்று டர்ன் எவ்வளவு பயத்தோடு போகும் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தெரியும். எங்கள் வேலையில் தினமும் செய்வது இதுதான், டெக்கை மாற்றிக்கொள்வது. யார் ஆடினாலும் ஜெயித்தால் கோளாறு டெக்கில், ஒருவர் ஆடினால் மட்டும் ஜெயித்தால் அது அவர் கைத்திறமை. சண்டை இல்லாமல் உண்மை வெளியே வர எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கதை வேறு. இங்கே நான் உங்கள் பக்கம், ஆனால் நீங்கள் கேட்ட தீர்வின் பக்கம் இல்லை.

வீட்டில் பரிசும் இல்லை, புள்ளியும் இல்லை. நாலு பேர் ஒரு மதிய நேரத்தைப் பொதுவில் போட்டிருக்கிறீர்கள், அதில் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. கமாண்டர் ஆட்டமே அப்படி வளர்ந்ததுதான்: 100 கார்டு, அடிப்படை லேண்ட் தவிர எதுவும் ஒன்றுக்கு மேல் கூடாது, ஆளுக்கு 40 உயிர்ப்புள்ளி. மெதுவாக, பெரிய பெரிய காரியங்கள் நடக்கட்டும் என்பதற்காகவே அந்த எண்கள். அந்த மேஜையில் மூன்று பேர் டிராகன், ஸாம்பி என்று கதை சொல்ல வந்திருக்க, ஒருவர் மூன்று மானாவில் தாசாஸ் ஆரக்கிளையும் டீமானிக் கன்சல்டேஷனையும் சேர்த்து, டெக்கைக் காலி செய்து, "ஜெயித்துவிட்டேன்" என்கிறார். விதிப்படி சரி. இவ்வளவு பலமான டெக்கோடு வந்தும் அவர் 20-க்கு 9-தான் எடுத்தார் என்றால் என்ன அர்த்தம்? மற்ற மூவரும் சேர்ந்து அவரை அமுக்குவதிலேயே முழு ஆட்டத்தையும் செலவழிக்கிறீர்கள். அந்த 11 ஆட்டத்திலாவது உங்கள் டிராகன் டிராகனாக ஆடியதா, இல்லை அவருக்குக் காவல் நின்றதா? வெற்றிக் கணக்கில் இது வராது. அலுப்பாக வருகிறது.

தடுக்கும் கார்டுகளைச் சேர்த்துக்கொள் என்று சிலர் சொல்வார்கள், சொல்லியும் இருப்பார்கள். செய்யலாம். ஆரக்கிள் நீலக் கார்டு, ஒரு சிவப்பு மானாவில் பைரோபிளாஸ்ட் அதைத் தடுக்கும். இறங்கிய பிறகு ஆரக்கிளைக் கொன்று பயனில்லை, டெக் காலியாகிவிட்டால் செத்த ஆரக்கிளும் ஜெயிக்க வைக்கும், இது பலருக்குத் தெரியாமல் கொல்லும் கார்டை வீணடிக்கிறார்கள். ஆனால் நீங்கள் பத்துக் கார்டைத் தடுப்புக்கு மாற்றினால் அவர் இன்னும் வேகமாக்குவார், ஆறு மாதத்தில் உங்கள் கூடத்தில் டிராகனும் இருக்காது, ஸாம்பியும் இருக்காது, நாலு பேரும் ஒரே மாதிரி டெக்கோடு உட்கார்ந்திருப்பீர்கள். அது பிடித்தவர்களுக்கு அருமையான ஆட்டம், நான் அதையும் ரசிப்பவன். உங்களுக்கு அது வேண்டும் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

அதனால் கார்டைத் தடை செய்யலாமா? வேண்டாம் என்பேன். நாலு பேர் மேஜையில் மூன்று பேர் சேர்ந்து நாலாமவரின் கார்டுகளைத் தடை செய்தால், பேர் என்னவாக இருந்தாலும் அது அவர்மேல் போட்ட தீர்ப்பு. ஆரக்கிளைத் தடுத்தால் வேறொரு காம்போ வரும், அதையும் தடுப்பீர்கள், பட்டியல் நீளும். காசு விஷயம் வேறு இருக்கிறது. 2024 செப்டம்பர் 23-இல் கமாண்டர் விதிக் குழு மானா கிரிப்ட், ஜுவெல்டு லோட்டஸ், டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட், நாடு (Nadu) என நாலு கார்டைத் தடை செய்தது. ஆட்டம் அதிவேகமாகிவிட்டது என்ற அவர்களுடைய காரணம் எனக்கு நியாயமாகவே பட்டது. ஆனால் விலை உயர்ந்த கார்டுகளை வைத்திருந்தவர்களில் சிலர் அந்தக் குழுவில் இருந்தவர்களை மிரட்டும் அளவுக்குப் போனார்கள், ஒரே வாரத்தில் குழு பொறுப்பை விசர்ட்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டது. விளையாட்டின்மேல் உள்ள பிரியத்தால் வருஷக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு நேர்ந்த கதி அது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. தடை என்ற வார்த்தை, எவ்வளவு நியாயமாக இருந்தாலும், எதிரே இருப்பவருக்குப் பறிப்பதாகவே கேட்கும்.

அதற்குப் பிறகு நிறுவனம் 2025-இல் டெக்குகளை ஐந்து படியாகப் பிரித்து ஒரு முறை கொண்டுவந்தது, ஆட்டத்தையே திருப்பிவிடக்கூடிய கார்டுகளுக்கு ஒரு தனிப் பட்டியலோடு. கீழ் இரண்டு படியில் அந்தப் பட்டியலிலிருந்து எதுவும் கூடாது, நடுப்படியில் மூன்று வரைக்கும், அதற்கு மேல் கட்டுப்பாடு இல்லை. இதில் எனக்குப் பிடித்தது பட்டியல் அல்ல. உட்காரும் முன்னால் "என் டெக் எந்தப் படி" என்று ஒவ்வொருவரும் வாய்திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள், அதுதான். உங்கள் கூடத்தில் அந்தப் பேச்சு ஒரு தடவைகூட நடந்ததாகத் தெரியவில்லை. படி எண் குழப்பமாக இருந்தால் ஒரே ஒரு கேள்வி போதும்: "யாரும் தடுக்கவில்லை என்றால் உன் டெக் எத்தனையாவது டர்னில் ஜெயிக்கும்?" நாலு என்று ஒருவரும் பத்து என்று மூவரும் சொன்னால், கலைத்து அடுக்குவதற்கு முன்னாலேயே என்ன நடக்கப்போகிறது என்று நாலு பேருக்கும் தெரிந்துவிடும்.

உங்கள் நண்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்க் ரோஸ்வாட்டர் என்ற வடிவமைப்பாளர் 2002-இல் ஆட்டக்காரர்களை மூன்று வகையாக எழுதினார்: பிரமாண்டத்துக்காக ஆடுகிறவர், தன் கைவண்ணத்தைக் காட்ட ஆடுகிறவர், தன்னை நிரூபிக்க ஆடுகிறவர். உங்கள் டிராகன் முதல் வகை, உங்கள் நண்பர் மூன்றாவது என்று தோன்றுகிறது. வாரம் முழுக்க யோசித்துக் கூர் தீட்டிய டெக்கை அவர் உங்கள் முன்னால்தான் வைக்க முடியும். அதை "அநியாயம்" என்று நீங்கள் சொன்னபோது அவர் காதில் "நீ உழைத்து ஜெயிக்கவில்லை" என்று விழுந்திருக்கும். "ஆடத் தெரியாதவன்" என்று அவர் திருப்பிச் சொன்னது தப்புதான், ஆனால் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது.

அதனால் பலம், சமநிலை, தடை என்ற மூன்று வார்த்தையையும் எடுக்காமல் பேசிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை போட்டி முடிந்து காப்பிக்கடையில் உட்காரும்போது, மேஜையில் கார்டு இல்லாத நேரமாகப் பார்த்து, "டேய், வெள்ளிக்கிழமை நீ எதை வேண்டுமானாலும் கொண்டுவா, நான் உன்னை ஜெயிக்கக் கத்துக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என் டிராகன் ஒரு தடவையாவது பறக்கணும்டா, அதுக்காகத்தான் அதைக் கட்டினேன். உன்னாலே எட்டாவது டர்னுக்குப் பிறகு ஜெயிக்கிற மாதிரி ஒரு டெக் கட்ட முடியுமா?" என்று கேளுங்கள். தன்னை நிரூபிக்க ஆடுகிறவருக்கு இது கட்டளை இல்லை, சவால். மலிவான கார்டு மட்டும், அல்லது கார்டு தேடி எடுக்கும் கார்டே கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்தால் சிலர் அதில் இன்னும் உற்சாகமாகிவிடுவார்கள். அவருடைய ஆரக்கிள் டெக்கையும் ஒதுக்காதீர்கள். மதியத்தில் மூன்று ஆட்டம் என்றால் கடைசி ஆட்டம் அவரவர் வைத்திருக்கும் மிகப் பலமான டெக்கோடு என்று வையுங்கள், டெக்கைச் சீட்டுக் குலுக்கி மாற்றிக்கொண்டு ஆடினால் இன்னும் நல்லது. அந்த ஆரக்கிள் டெக் உங்கள் கைக்கும் ஒருநாள் வரட்டும்.

அவர் முடியாது என்றால்? அப்போது மூன்று பேராக ஒரு ஞாயிறு ஆடுங்கள், ஒளிக்காமல், அவரிடம் சொல்லிவிட்டே. நட்பை முறிக்க வேண்டியதில்லை, வெள்ளிக்கிழமை இருக்கிறது. விளையாட்டை விட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 20 ஆட்டத்தை உட்கார்ந்து குறித்து வைத்தவருக்கு இந்த விளையாட்டு விட்டுப்போகவில்லை. ஒரு மாதம் இப்படி ஆடிப் பார்த்துவிட்டு அந்த முடிவை எடுங்கள், இப்போது வேண்டாம்.

ஆனால் நண்பரிடம் போவதற்கு முன்னால் அந்த மற்ற இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். 20-இல் 6, அதுவும் இரண்டு பேருக்குச் சேர்த்து. ஒருவேளை அவர்களுக்கு அது பொருட்டாகவே இல்லாமல் இருக்கலாம், அரட்டைக்கும் சாப்பாட்டுக்கும் வருகிறவர்களாக இருக்கலாம். ஒருவேளை உங்களைவிட மனசு விட்டுப்போய், சொல்லாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.